கித்தாவின் இரண்டாம் நாள்

ரோய்ஸ்டனுக்கு ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. பன்னிரண்டாம் மாடிக்கு வெளியே இடுப்பில் கயிற்றைக் கட்டித் தொங்கிக்கொண்டே கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டுவான், கை நடுங்காது. ஆனால் ஒரு குதிரை மூக்கால் சீறினால் போதும், ரெண்டடி பின்னால் போய்விடுவான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி இசபெல்லா. ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. வேலைக்கு முன்னால் விடியற்காலை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், லீவு நாளில் முழுப் பொழுதும் அவள் குதிரைமேல்தான் இருப்பாள்.

அவள் ஓட்டிய குதிரைகள் அவளுடையவை அல்ல. லாரிக் கம்பெனி வைத்திருந்த சதாசிவம் என்பவருடையவை. பத்துகாஜா பக்கம் துண்டுபோட்டு விற்ற ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் அவர் கொஞ்சம் நிலம் வாங்கி, பால்ஷீட் காயப்போடும் புகைவீட்டை உடைத்துக் கட்டி லாயமாக்கியிருந்தார். சுற்றிலும் செம்பனை. நடுவில் மணல் கொட்டிய ஒரு திடல். அங்கே பிறந்ததுதான் கித்தா. தாய், பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த குதிரை. தகப்பன் ஐரோப்பாவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்திறங்கிய ஜாதிக் குதிரை. குட்டி நின்ற இடத்திலிருந்தே எம்பிக் குதிப்பதைப் பார்த்துவிட்டு, லாயத்தைக் கவனித்துக்கொள்ளும் சின்னையா, "என்னாலா இது, கித்தா மாதிரி இழுபடுது!" என்றார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

கித்தாவுக்கு நாலு வயதானபோது இசபெல்லா முதன்முதலாக அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளை அழைத்துப்போக வந்த ரோய்ஸ்டன் வேலிக்கு வெளியே காரில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தற்செயலாக நிமிர்ந்தவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். கரும்பழுப்பு நிறத்தில் ஒல்லியான அந்தப் பெண்குதிரை திடலின் குறுக்கே ஓடி வந்துகொண்டிருந்தது. மற்றக் குதிரைகள் ஓடினால் தரையில் தொம் தொம் என்று விழும். இது ஒவ்வொரு முறையும் காலை எடுத்து, கீழே வைக்க மனசில்லாததுபோல ஒரு கணம் காற்றிலேயே வைத்திருந்தது. குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத அவனுக்கே வாய் திறந்துகொண்டது.

"பாத்தியா ரோய்?" என்று கூவினாள் இசபெல்லா. முகமெல்லாம் சிரிப்பு. "நான் ஒன்னுமே செய்யல! சும்மா ஒக்காந்திருக்கேன், அவ்ளோதான்!"

அவள் போட்டியிடும் விளையாட்டுக்கு ட்ரெஸ்ஸாஜ் என்று பேர். வேகமும் வேண்டாம், தடை தாண்டுவதும் வேண்டாம். நாலு பக்கமும் எழுத்துப் பலகைகள் வைத்த நீள்சதுரத் திடலுக்குள் குதிரையும் ஆளும் தனியாகப் போகவேண்டும். இந்த எழுத்தில் வட்டம், அந்த எழுத்தில் ஓட்டம், இன்னோர் இடத்தில் ஆடாமல் அசையாமல் நிற்பது என்று வரிசையாகச் செய்துகாட்ட வேண்டும். குதிரை எவ்வளவு மனசோடு செய்கிறது, ஓட்டுகிறவர் எவ்வளவு கொஞ்சமாகக் கேட்கிறார் என்பதைத்தான் நடுவர் பார்ப்பார். நன்றாக ஓட்டினால், பார்க்கிறவருக்கு ஓட்டுகிறவர் எதுவுமே செய்யாததுபோல இருக்கும்.

அந்த 'எதுவுமே செய்யாதது' எவ்வளவு பெரிய வேலை என்று அடுத்த ஒன்றரை வருஷத்தில் ரோய்ஸ்டன் தெரிந்துகொண்டான். வீடியோ எடுத்துத் தா என்று அவள் கேட்டதிலிருந்து அவனும் காலையில் கூடப் போக ஆரம்பித்தான். பனி விலகாத செம்பனைக்கு நடுவில் அவள் கித்தாவை நடக்க வைப்பாள். வெறும் நடை. வளைந்து ஒரு நடை, நேராக ஒரு நடை. பிறகு கொஞ்சம் ஓட்டம். எதையாவது ஒன்றைக் குதிரை சரியாகச் செய்துவிட்டால், அந்த இடத்திலேயே கடிவாள வாரைத் தளர்த்திவிட்டு, கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

"இப்பதானே ஏறின? இன்னொரு தடவ செய்யச் சொல்லு, நல்லா வருதுல்ல" என்பான் அவன்.

"நல்லா வருதுன்னுதான் நிறுத்துறேன்" என்பாள் அவள். "இன்னொரு தடவ கேட்டா, மொதல்ல செஞ்சது தப்போன்னு அவ நெனச்சிக்குவா."

கித்தா கெட்டிக்காரி. ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதோடு தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துச் செய்துகாட்டும். பக்கவாட்டில் நகரக் கற்றுக்கொண்ட வாரம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் நண்டுமாதிரி திடல் முழுக்கப் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. இசபெல்லா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வராதது ஒன்றுதான், நிற்பது. நாலு காலையும் நேராக ஊன்றி, சும்மா நிற்பது அந்தக் குதிரைக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியமாக இருந்தது. அதற்கென்று இசபெல்லா ஒரு வழி கண்டுபிடித்தாள். நிற்கச் சொல்வாள். நின்றதும் தானும் மூச்சை நீளமாக விட்டு, தோளைத் தளர்த்தி, வேறு வேலையே இல்லாதவள்போல மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் ஒரு நொடி. பிறகு ரெண்டு. சில மாதங்கள் கழித்து ஒருநாள், பக்கத்துச் செம்பனையில் குலை ஏற்றும் டிராக்டர் கடகடவென்று போனது. கித்தா காதை மட்டும் திருப்பிவிட்டு அப்படியே நின்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் இசபெல்லா கடையில் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிய மீ கோரெங்கைச் சாப்பிடாமல் மடியில் வைத்துக்கொண்டு அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

கித்தாவின் முதல் பெரிய போட்டி ஈப்போவில் நடந்தது. இளங்குதிரைகளுக்கான பிரிவு, ரெண்டு நாள். கோலாலம்பூர், ஜொகூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அவர்களுடைய குதிரைகள் பளபளவென்று, கித்தாவைவிட ஒரு சாண் உயரமாக நின்றன. அந்தப் பிரிவில் செய்ய வேண்டியதை வெளியே ஒருவர் நின்று வாசிக்கலாம் என்று விதி. இசபெல்லாவுக்கு எல்லாம் மனப்பாடம்தான். இருந்தாலும், "நீ வாசி ரோய். ஒன் கொரல் அவளுக்குப் பழக்கம்" என்று தாளை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் மத்தியானம் கித்தாவின் முறை வந்தது. சதாசிவம் குடும்பத்தோடு, மடக்கு நாற்காலி சகிதம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். திடலுக்குமேல் உயரமான தகரக் கூரை. கித்தா உள்ளே நுழைந்து, நடுவில் நேராக நின்றது. இசபெல்லா நடுவருக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னாள். கித்தா ஓட ஆரம்பித்தபோது பக்கத்தில் யாரோ மலாயில், "வாஹ், சந்தேக்" என்று அதன் அழகை மெச்சி மெல்லச் சொன்னது ரோய்ஸ்டனுக்குக் கேட்டது. ஒரு வட்டம் முடிந்தது. அப்போதுதான் மழை கொட்டியது.

ஈப்போ மழைக்கு முன்னறிவிப்பு ஏது. வானம் அப்படியே தகரத்தின்மேல் சரிந்ததுபோல இருந்தது. ரோய்ஸ்டன் தொண்டை கிழியக் கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கித்தா தலையைத் தூக்கிவிட்டது. முதுகு விறைத்தது. நின்ற இடத்திலேயே சுற்றியது, குதித்தது, வேலியை நோக்கிப் பாய்ந்தது. ஆனால் இசபெல்லா விழவில்லை. வாரை இழுக்கவும் இல்லை. பெரிய வட்டமாக ஓடவிட்டாள். வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கி நடைக்குக் கொண்டுவந்தாள். பிறகு நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். போதும், நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள். மணி அடித்தது. நடுவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நீளமாக விட்ட வாரோடு, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

சதாசிவம் கூடவே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"என்னாம்மா இது, பாதியில விட்டுட்டு வந்துட்ட? மழைக்குப் பயந்தா ஈப்போவுல குதிர வளக்க முடியுமாலா? கொஞ்சம் அழுத்திப் புடிச்சிருந்தா முடிச்சிருக்கும்ல?"

"முடிச்சிருக்கும்ணே," என்றாள் இசபெல்லா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? மழ பெய்ஞ்சா, மேல ஒக்காந்திருக்கிறவளும் சேந்து அடிப்பான்னு ஞாபகம் இருக்கும். அப்புறம் எந்த திடலுக்குள்ள போனாலும் மேலயே பாத்துக்கிட்டிருப்பா."

"நாளைக்கு ராட்னி ஓட்டட்டும்," என்றார் அவர். "நான் பேசிக்கிறேன்."

ராட்னி அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற குதிரையோட்டி. பல வருஷங்களாகப் பரிசு வாங்குகிறவன். ரோய்ஸ்டனுக்கு அவள் சார்பில் கோபம் தலைக்கேறியது, வாயைத் திறக்கப்போனான். அவள் அவன் கையை அழுத்தினாள்.

"ஒங்க குதிரண்ணே. நீங்க சொன்னா சரி. இன்னிக்கு மட்டும் எங்கிட்ட விட்டுருங்க. மழ இருக்கும்போதே கொஞ்ச வேல இருக்கு."

பயிற்சிக்கென்று ஒதுக்கிய சின்னக் கொட்டகைக்கும் தகரக் கூரைதான். அங்கே சேணத்தைக் கழற்றிவிட்டு, கையில் கயிறோடு கித்தாவை மெல்ல நடக்கவைத்தாள். அது நடக்க மாட்டேன் என்றபோது தானும் நின்றாள். புல்லைக் கொடுத்தாள். "கொஞ்சம் இவளப் புடி ரோய்" என்று கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு, விறைத்த தசைகளை வைக்கோலால் தேய்த்துவிட்டாள். கித்தா ஒவ்வொரு இடிக்கும் அதிர்ந்தது. அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், சித்தியவானில் தான் மாட்டவேண்டிய ஏழு ஏர்கோன்களைப் பற்றி அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். குதிரை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் மழை அடங்குவதற்கு முன்பே அது தலையைத் தாழ்த்தி, ஒரு பெருமூச்சு விட்டு, புல்லை மெல்ல ஆரம்பித்துவிட்டது.

கொட்டகை வாசலில் ரொம்ப நேரமாக ராட்னி நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் அவர்கள் கவனித்தார்கள். பின்னாலேயே குடையோடு சதாசிவம்.

"என்னப்பா, நாளைக்கு ஏறுறியா?" என்று சதாசிவம் கேட்டார்.

"இல்லண்ணே. நான் ஏறல," என்றான் ராட்னி. "என்னா குதிரண்ணே இது! யாருக்குத்தான் ஆச இருக்காது? ஆனா ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு மேல நான் இருந்திருந்தா, ஜனம் பாக்குதேன்னு அடிச்சாவது முடிக்க வச்சிருப்பேன். கைய தூக்கியிருக்க மாட்டேன். இவங்க தூக்கினாங்க. இவங்களே ஓட்டட்டும்."

சதாசிவம் குடையை மடக்கினார். கித்தாவைப் பார்த்தார். இசபெல்லாவின் சகதி படிந்த பூட்ஸைப் பார்த்தார். "சரி," என்றார். "பசியாறிட்டு நேரத்தோட வந்துரும்மா."

இரண்டாம் நாள் காலை வானம் மூடாக்காகவே இருந்தது. ரோய்ஸ்டன் தாளைப் பிடித்தபடி தன் இடத்தில் நின்றான். கித்தா நுழைவாசலில் ஒருமுறை கூரையை நிமிர்ந்து பார்த்தது. இசபெல்லா அவசரப்படுத்தவில்லை, பார்க்கவிட்டாள். பார்த்து முடித்ததும் அது தானாகவே உள்ளே நடந்தது. நடுவில் வந்து நின்றது. மரத்தை நட்டதுபோல நாலு காலும் ஊன்றிய நிலை. வணக்கம் முடிந்தது. ஓட்டம் தொடங்கியது.

அவன் வாசித்தான். வட்டம். பிறகு குறுக்குக்கோட்டில் காலை நீட்டி ஓடவேண்டும். கித்தா மூலையைத் திரும்பியதும் இசபெல்லாவின் இடுப்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம், கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. குதிரை திறந்துகொண்டது. தோள் விரிந்து, முன்னங்கால்கள் நீண்டு, மணலைத் தொட்டும் தொடாமலும் மிதந்து வந்தது. அந்த நீண்ட கோடு முழுவதும் அது ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. மேலே உட்கார்ந்திருந்தவள் அதன் முதுகிலேயே முளைத்தவள்போல இருந்தாள். அவள் கண்கள் காதுகளுக்கு நடுவே தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. தினமும் தன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துத் தின்னும் பெண்தானா இவள் என்றிருந்தது அவனுக்கு. கல்யாணமாகி எட்டு வருஷம். அவளுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அடுத்ததை வாசிக்க அவன் மறந்தே போனான். கித்தா மூலைக்கு வந்துவிட்டது. அவன் பதறித் தாளைத் தேடுவதற்குள் இசபெல்லா தானாகவே அடுத்ததற்குப் போய்விட்டாள். அதற்கடுத்ததையும் அவன் விட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற ராட்னி, "மச்சான், வாசிலா!" என்று விலாவில் இடித்தான்.

பாதியில் தூறல் விழுந்தது. தகரம் சடசடத்தது. கித்தாவின் ஒரு காது மேலே போனது. இசபெல்லா மூச்சை நீளமாக விட்டாள். அவள் தோள் இறங்குவது ரோய்ஸ்டனுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. காது திரும்பவும் அவளிடம் வந்தது. தாளம் ஒரு அடிகூடத் தப்பவில்லை. கடைசி நிறுத்தத்தில் குதிரையின் இடது பின்னங்கால் கொஞ்சம் பின்தங்கி நின்றுவிட்டது. அவ்வளவுதான் குறை.

கூட்டம் கைதட்டியது. சதாசிவம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "நம்ம தோட்டத்துல பொறந்தது! நம்ம தோட்டத்துல பொறந்தது!" என்று முன்பின் தெரியாதவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெண்டு நாளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பெரிய கோப்பையில் கித்தாவுக்கு இடமில்லை; முதல் நாள் பாதியிலேயே நின்றுவிட்டதல்லவா. ஆனால் இரண்டாம் நாள் பிரிவில் அது இரண்டாவதாக வந்தது. ஓட்டத்துக்கும், ஓட்டியவருக்கும் என்று தனியாகக் கொடுக்கும் மதிப்பெண்ணில் மட்டும் அன்று அதுதான் எல்லாரையும்விட மேல். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த பெண் நடுவர் தன் மேசையை விட்டு எழுந்து வந்து, கித்தாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேற்றைக்கு அவசரப்படாமல் நிறுத்தியதற்கும் சேர்த்து இசபெல்லாவிடம் நன்றி சொன்னார். இசபெல்லா, "மழ ரொம்பங்க," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு வெட்கப்பட்டு ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள்.

"அடுத்த வருஷமும் நீதாம்மா. அதுக்கடுத்த வருஷமும் நீதான்," என்றார் சதாசிவம். "நேத்து நான் பேசினதெல்லாம்..."

"விடுங்கண்ணே. மொதல்ல அவளக் குளிப்பாட்டணும்."

குதிரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராட்னி வந்தான். ஞாயிற்றுக்கிழமை பத்துகாஜாவுக்கு வந்து அவள் பழக்குவதைப் பார்க்கலாமா என்று கேட்டான்.

"வாங்களேன்," என்றாள் இசபெல்லா, தண்ணீர்க்குழாயைக் கையில் பிடித்தபடி. "ஆனா ரெண்டு வாரத்துக்கு வெறும் நடைதான். பாக்க ஒன்னும் இருக்காது."

"அது பரவால்லக்கா," என்றான் ராட்னி. "அந்த நடையத்தான் பாக்கணும்."

ரோய்ஸ்டன் துண்டை எடுத்துக் கித்தாவின் நனைந்த கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.