கால்புஸேராவின் பன்னிரண்டு முக்காலிகள்

லிஸோனே ஊரில், தச்சர் ஓரெஸ்தே கால்புஸேராவின் சமையலறையில் இருந்த முக்காலியின்மேல் எதைச் சிந்தினாலும் அது மேலே கூரையில் போய்த்தான் விழும். காபி சிந்தினால் காபி, சர்க்கரை சிந்தினால் சர்க்கரை. அதனால் அந்த வீட்டுத் துடைப்பத்துக்கு நீளமான கைப்பிடி போட்டிருந்தார்கள்; ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கூரைக்கு மட்டும் வெள்ளையடித்தார்கள். பங்குப் பாதிரியார் ஒருமுறை வந்து ஒரு ரொட்டித் துணுக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதைத் தடுக்கும் விதி எதுவும் திருச்சபையில் இல்லை என்று சொல்லிப் போனார். கால் வீங்கிய அக்கம்பக்கத்தார் சனிக்கிழமைகளில் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, செருப்பு தளர்ந்து எழுந்து போனார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு தாள். 1983இல் மிலானிலிருந்து லொதோவிகோ அர்கொனாத்தி என்ற ஆர்க்கிடெக்ட் பன்னிரண்டு முக்காலிகளுக்கு ஒரு வரைபடம் அனுப்பினார். ஒரு கால் இளஞ்சிவப்புக் கூம்பு. இன்னொன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீலப் பந்துகள். மூன்றாவது, புழு நெளிவதைப் போலக் கறுப்புக் கோடுகள் ஓடும் மைக்கா ஒட்டிய தூண். மேலும் கீழும் தலா ஒரு வட்டப் பலகை. எந்த வழக்கத்தையும் கவிழ்த்துப் பார்ப்பதில் அந்தக் காலத்து மிலான் ஆர்க்கிடெக்டுகளுக்கு ஒரு வெறி. பெயரும் தேதியும் எழுதும் கட்டம் எல்லா வரைபடங்களிலும் வலப்பக்கக் கீழ்மூலையில் இருக்கும். அர்கொனாத்தி அதை இடப்பக்க மேல்மூலையில், தலைகீழாகப் போட்டிருந்தார். லிஸோனே தச்சர்கள் தாள் வந்ததும் படத்தைப் பார்ப்பவர்கள் அல்லர். முதலில் கட்டத்தைத் தேடுவார்கள். அது தங்கள் வலது கைக்குக் கீழே வரும்படி தாளைத் திருப்பிச் சுவரில் ஆணியடித்த பிறகே படத்துக்குப் போவார்கள். ஓரெஸ்தேயும் அப்படியே திருப்பினார். பன்னிரண்டையும் தலைகீழாகச் செய்து முடித்தார்.

பார்க்க வந்த அர்கொனாத்தி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன கால்புஸேரா, தலைகீழா செஞ்சு வச்சிருக்கீங்க?”

“நான் நேராத்தான் செஞ்சேன். நீங்கதான் தலைகீழா வரைஞ்சிருக்கீங்க, ஆர்க்கிடெக்ட்.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, சிகரெட்டிலிருந்து முக்காலிமேல் உதிர்ந்த சாம்பல் அவர் மூக்கைத் தாண்டி மேலே போயிற்று. அர்கொனாத்தி அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு பதினொரு முக்காலிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். பன்னிரண்டாவதில் மைக்கா ஓரிடத்தில் உப்பியிருந்ததால் அது ஓரெஸ்தேயின் மனைவி எர்மீனியாவின் சமையலறைக்கு வந்தது.

பதினொன்றும் உலகம் சுற்றின. ஆன்ட்வெர்ப், ஒசாகா, சிகாகோ என்று வெள்ளைச் சுவர் வீடுகளில், ஒற்றைப் பூச்சாடிக்குப் பக்கத்தில், யாரும் உட்காராத பெருமையோடு நின்றன. பளபளப்பான பத்திரிகைகளில் அவற்றின் படம் வந்தது. படத்துக்குக் கீழே அர்கொனாத்தியின் பெயர் மட்டும் இருந்தது. எர்மீனியா ஒவ்வொரு பத்திரிகையையும் கொண்டுவந்து கணவரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

“உங்க பேரு எங்க?”

“பேரு போட்டா பசை சீக்கிரம் காயுமா?” என்பார் ஓரெஸ்தே.

“கல்லறையிலயாவது போடலாமா, வேணாமா?”

“போடு. சின்னதா போடு.”

2016 நவம்பரில் அவர் இறந்தார். அடக்கம் முடிந்து வந்து எர்மீனியா அந்த முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணீர் புருவத்தைக் கடந்து, நெற்றியில் ஏறி, கூரையில் போய்ச் சேர்ந்தது. கன்னம் காய்ந்தே இருந்ததால், தைரியமான பெண் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எழுந்தபோது அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: அந்தப் பதினொரு முக்காலிகளுக்குப் பக்கத்திலும் கணவரின் பெயர்.

எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அர்கொனாத்தியும் காலமாகியிருந்தார், அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை நடந்தது. 2019இல் அதன் பொறுப்பாளர் இலாரியா பிரெவோஸ்தி ஒரு பெட்டியில் பழைய வரைபடத்தைக் கண்டெடுத்தார். படம் நேராகத் தெரியும்படி அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, இத்தனை காலமும் முக்காலிகள் கவிழ்ந்து நின்றிருக்கின்றன, உடனே நிமிர்த்தி வையுங்கள் என்று உரிமையாளர்கள் எல்லோருக்கும் எழுதினார். அவர்களும் நிமிர்த்தினார்கள். அந்த நாளிலிருந்து முக்காலிகள் கனக்கத் தொடங்கின. ஒசாகாவில் ஒன்று மூன்று மாடிகளைத் துளைத்துக்கொண்டு ஒரு பல் மருத்துவரின் அறைக்குள் இறங்கியது. சிகாகோவில் நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை.

இலாரியா லிஸோனேக்கு ஓடிவந்து, மூத்த பெண்களை அழைக்கும் அந்தப் பக்கத்து வழக்கப்படி ‘ஷூரா’ போட்டுக் கேட்டார்.

“ஷூரா எர்மீனியா, உங்க வீட்டுக்காரர் அதுக்குள்ள என்ன வச்சார்? ஈயமா?”

“மரம் வச்சார், மைக்கா வச்சார். முப்பத்தாறு வருஷமா நீங்க ஒரு பேரு வைக்கல. அதான் கனக்குது.”

“கேலி பண்ணாதீங்க. ஆன்ட்வெர்ப்ல ஒருத்தர் அதுல உட்கார்ந்து மூணு நாளா எந்திரிக்க முடியல. சாப்பாடெல்லாம் அங்கயே போகுது.”

“சூடா போகுதா?”

ஆனாலும் எர்மீனியா நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மிலான் ரயில் ஏறினார். அறக்கட்டளைச் சுவரில் வரைபடத்தின் கட்டத்தை அண்ணாந்து பார்த்தார். அதில் இரண்டு வரிகள். ‘வரைந்தவர்’ என்ற வரியில் அர்கொனாத்தி இருந்தார். ‘செய்தவர்’ என்ற வரி வெறுமையாக இருந்தது.

“இங்க எழுதுங்க,” என்றார்.

“அதெல்லாம் குழு கூடி முடிவு பண்ணணும், ஷூரா.”

“கூடுங்க. எனக்கென்ன அவசரம்? அந்த ஆன்ட்வெர்ப்காரரும் உட்கார்ந்துதானே இருக்கார்.”

குழு கூடுவதற்குள் ஆன்ட்வெர்ப்பிலிருந்து தொலைபேசி வந்தது: தரை விரிசல் விடுகிறது. இலாரியா பேனாவை எடுத்து நாற்காலிமேல் ஏறினார். தலைகீழாக இருந்த கட்டத்தில் அவருக்கு எழுத வரவில்லை.

“இறக்கித் திருப்பித்தான் எழுதேன்மா. இவ்வளவு படிச்சிருக்க,” என்றார் எர்மீனியா.

இறக்கித் திருப்பி, கட்டம் வலது கைக்குக் கீழே வர, மேசைமேல் வைத்தார்கள். சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இலாரியா எழுத, எர்மீனியா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். கடைசி எழுத்தின் மை காய்வதற்குள் ஆன்ட்வெர்ப்காரர் கைத்துணியோடு எழுந்து நின்றுவிட்டார். பல் மருத்துவரின் அறையில் கிடந்த முக்காலி, தூக்கம் கலைந்த பூனை போலத் தானாகவே புரண்டு மறுபக்கமாக நின்றது.

அந்த ஆண்டு முடிவதற்குள் பதினொரு இடங்களிலும் புதிய பெயர்ப்பலகை வைத்தார்கள். சிகாகோவிலிருந்து வந்த படத்தில் ‘கால்புஸேரா’வில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. எர்மீனியா கடிதம் போட்டார். இந்த முறை எட்டே நாளில் பதில் வந்தது: மன்னிக்கவும், திருத்திவிட்டோம், இப்போது இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில்.