தட்டு காயும்வரை

1

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறான். பல் விளக்குகிறான். பால் பாக்கெட்டை வெட்டுகிறான். இரண்டு டம்ளர் எடுக்கிறான். ஒன்றைத் திருப்பி வைக்கிறான். சாயா குடிக்கிறான். நேற்றைய சோற்றில் வெந்த மத்தி மீன் இரண்டைப் பிசைந்து, அலுமினியத் தட்டில் போட்டு, பின்படியில் வைக்கிறான். நாய் சாப்பிடுகிறது. தட்டை எடுக்கிறான். நாய் கடிக்கிறது, அல்லது உறுமுகிறது. கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுகிறான். கொச்சியில் தோப்பும்படி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போகிறான்.

இதில் இரண்டாவது டம்ளர் மட்டும் பொய். மனைவி செத்தவனைப் பற்றிய கதையில் இரண்டாவது டம்ளர் இல்லாவிட்டால் வாசகர்கள் நம்புவதில்லை. உங்களுக்காகப் போட்டேன். மற்றதெல்லாம் உண்மை. கடிக்கு ஊசியும் போட்டாயிற்று.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புகார் மனுவிலிருந்து வந்தது. மனுவை எழுதியவனும் அவன்தான், மனு யார்மேலோ அவனும் அவன்தான்.

முதலில் ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் ‘நான்’ எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டான். ‘அவன்’ பரவாயில்லை, வைத்த இடத்தில் இருக்கிறான். பெயர் வெங்கிடேஷ். வயது முப்பத்தொன்று. சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே என்ன இருக்கிறது என்று எழுதும் வேலை. நல்ல பயிற்சி.

2

கீழ்வீட்டு ஒச்சப்பன் உசிலம்பட்டிக்காரர். மட்டாஞ்சேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். இருபது வருடமாக மலையாளம் பேசுகிறார். ஒரு எழுத்து எழுதத் தெரியாது. ரேஷன் கார்டோ கரண்ட் ஆபீஸோ, எந்த மனுவானாலும் மேல்வீட்டு வெங்கிடேஷ்தான் எழுதித் தருவான். ஆகவே, மேல்வீட்டு நாய் தின்றுகொண்டிருந்தபோது அதன் தட்டைத் தாண்டப் போய்க் கெண்டைக்காலில் கடி வாங்கிய மறுநாள், அவர் நொண்டிக்கொண்டே மாடியேறி வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“தம்பி, ஒரு மனு எழுதணும்.”

“யார் மேல அண்ணே?”

“ஒம்மேலதான். வேற ஆரு இங்க எழுதித் தருவா?”

நியாயமான கேள்வி. வெங்கிடேஷ் பேனாவை எடுத்தான்.

“பயங்கரமான நாயின்னு போடு.”

“போட்டாச்சு.”

“வச்சிருக்கவன் பொறுப்பில்லாத ஆளுன்னு போடு.”

“போட்டாச்சு.”

“ரொம்ப ஏறிப்போச்சோ? கோவிச்சுக்காத தம்பி. காலு வலிக்கிதுல்ல.”

“இல்லண்ணே. சரியாத்தான் இருக்கு.”

ஒச்சப்பன் கொஞ்சம் யோசித்தார். “பொண்டாட்டி செத்தவன், பாவம். அதையும் ஒரு ஓரத்துல போட்டுரு.”

“மனுவுக்கு அது வேண்டாம்.”

“நீ படிச்சவன். ஒனக்குத் தெரியும்.”

அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். வெங்கிடேஷ் இதுவரை எழுதியவற்றிலேயே நல்ல மனு அதுதான். தேவையில்லாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் கதையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மனு மாநகராட்சிக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் யூசுப் இக்கா நடுவில் வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“மோனே, ரெண்டு ஞாயிறு தரேன். வாய்ப்பூட்டு போட்டு நாயை இந்தப் படி வழியா இறக்கி, ஒச்சப்பன் வாசல்ல நடத்திக் காட்டு. ஞான் இதைக் கிழிச்சுக் களையும். முடியலெங்கில் நாய் வண்டியை விளிக்கும். எனக்கும் வேற வழியில்ல, கேட்டோ.”

வண்டியில் போகும் நாய்களில் கடிக்காதவற்றைத் தத்தெடுக்க ஆள் வருகிறார்கள். கடிப்பவற்றுக்கு யாரும் வருவதில்லை. அவை கூண்டிலேயே கிடக்கும்.

3

இந்த இடத்தில் அம்பிளியைக் கொண்டுவர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்பிளி வெங்கிடேஷின் மனைவி. தமிழ்க் குடும்பம்தான்; மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருந்ததில் பெயர் இப்படி ஆகிவிட்டது. கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கிடங்குக்குப் பின்னால் கட்டுக்கம்பியால் கழுத்தில் கட்டிப் போட்டிருந்த நாயை, ஒரு சாயங்காலம் சணல் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தாள்.

“பேரு?”

“மாஷ்.”

“வாத்தியாரா?”

“நாம என்னமோ தப்பு செஞ்ச மாதிரியே நோக்குது, கண்டில்லே?”

ஐந்து வாரம் கழித்து அவள் செத்துப்போனாள். போன ஐப்பசி மழையில், கிடங்கு வாசலில் தேங்கிய தண்ணீரில் நடந்ததில் வந்த எலிக்காய்ச்சல். நாலு நாள். டாக்டர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். யாராவது தப்புச் செய்திருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும்.

[எழுதி அடித்தது: அன்று முழுவதும் மாஷ் சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு—]

சாப்பிட்டது. இரண்டு தடவை.

[அடித்தது: அவளுடைய துப்பட்டாவின்மேல் தலையை வைத்து, ஈரக் கண்களுடன்—]

துப்பட்டாவைக் கிழித்தது. ஈரம் இருந்தது, எச்சில்.

[நிறுத்தி வைத்தது: கடைசியாக அவள், ‘மாஷைப் பாத்துக்கோ’ என்றாள்.]

இதை மட்டும் அடிக்கவில்லை. பொய்தான். ஆனாலும் முடிவுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் உதவும்.

4

வாய்ப்பூட்டு என்பது பிளாஸ்டிக் கூடை. பின்னால் ஒரு வார். அதை நாய்க்கு மாட்டக்கூடாது. நாயே வந்து மூக்கை விட வேண்டும். கூடைக்குள் மத்தியை வைத்து நீட்ட வேண்டும். மூக்கு உள்ளே போனால் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். வெளியே வந்தால் விட்டுவிட வேண்டும். இதுதான் முறை. இதைப் பழகுவதற்கு முன்னால், மனு வருவதற்கும் முன்னால், வேறு முறைகளும் நடந்தன. ஒச்சப்பன் கம்பு எடுக்கச் சொன்னார். அலுவலகத்தில் ஒருவர், நாய்க்கு முன்னால் நீ சாப்பிடு, தலைவன் யார் என்று அதற்குத் தெரியும் என்றார். மூன்று நாள் வெங்கிடேஷ் படியில் உட்கார்ந்து முதலில் சாப்பிட்டான். நாய் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலைவனைக் கடித்தது.

கூடை வேலை செய்தது. நாலாம் நாள் மூன்று எண்ணும்வரை மூக்கு உள்ளே இருந்தது. ஏழாம் நாள் பதினைந்து. ஒன்பதாம் நாள் வாரையே கட்டிவிட்டான், எட்டு எண்ணும்வரை.

பத்தாம் நாள் காலை, தட்டை எடுக்கும்போது நாய் கடித்தது. அதன்பிறகு கூடையைக் கண்டாலே சுவரோரம் போய் நின்றது. மறுபடி முதலிலிருந்து.

ஒச்சப்பன் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடித்த நாயைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி வந்திருந்தது.

“ஏன்டா தம்பி, ஒனக்குத் தட்டு மேல என்ன வெறி? அது தலையத் தூக்கி மூச்சு விடுது. அதுக்குள்ள புடுங்குற!”

“எச்சில் தட்டு காயக்கூடாதுண்ணே.”

“ஆரு சொன்னா?”

“வீட்ல.”

“அதுகிட்டச் சொன்னியா?”

வெங்கிடேஷ் வளர்ந்த வீட்டில் தட்டு காய்ந்தது கிடையாது. கடைசிக் கவளம் வாய்க்குப் போகும்போதே யாருடைய கையாவது தட்டை எடுத்திருக்கும். காய்ந்தால் ஆகாது. என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. எட்டு மாதமாக அந்தக் கைதான் நாயின் தட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த நாய் அதற்கு முன் தின்றதெல்லாம் கிடங்கில், யாராவது பிடுங்குவதற்குள்.

(ஒரு பக்கக் குறிப்பு. அம்பிளி சாப்பாட்டின் நடுவில் கதை சொல்கிறவள். சோறு பாதி இருக்கும், கை காயும், கதை முடியாது. அவன் தட்டை எடுப்பான். அவள் பிடுங்கிக்கொள்வாள். கல்யாணமான மூன்று வருடத்தில் பெரும்பாலான சண்டை இதுதான். அவள் கடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

5

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அ) மாஷ் வாய்ப்பூட்டுடன் படியிறங்குகிறது. யூசுப் இக்கா மனுவைக் கிழிக்கிறார். ஒச்சப்பன் நாய்க்கு ஒரு பூவன் பழம் நீட்டுகிறார். வெங்கிடேஷ் எட்டு மாதத்தில் முதல்முறையாக அழுகிறான். எல்லோருக்கும் நல்லது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆ) வண்டி வருகிறது. வலை. இலக்கியத் தரம் கூடும்.

இ) ஆ-வுக்குப் பிறகு வெங்கிடேஷ், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு—

வேண்டாம்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தட்டை வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தான். நாய் தின்றது, தலையைத் தூக்கியது, கை எங்கே என்று தேடியது. தட்டு காய்ந்தது. எறும்பு வந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவேண்டியது ஏற்கெனவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை உறுமல் இல்லை. நேற்று மூக்கு கூடைக்குள் போனது. ஆறு எண்ணினான்.

இன்று இரண்டாவது ஞாயிறு. பத்து மணிக்கு யூசுப் இக்கா கீழே வந்து நிற்பார். இப்போது எட்டரை. ஒச்சப்பன் கட்டுப்போட்ட காலை நீட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, என்னத்த எழுதுற? மனுவா?”

“இல்லண்ணே.”

“எறக்கிருவியாடா?”

“தெரியல.”

“எறக்கிரு. நான் கால மடக்கிக்கிறேன்.”

மடியில் காகிதம், பக்கத்தில் கூடை, கூடைக்குள் மத்தி. நாய் பாதித் தட்டில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறது. (அவனை என்று இருக்க வேண்டும். திருத்த நேரமில்லை.) அரை மீன் மிச்சம். சோறு ஓரத்தில் காய ஆரம்பித்துவிட்டது. வலது கை தொடைக்குக் கீழிருந்து தானாக வெளியே வந்துவிட்டது.

பத்து மணிக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கு முந்திய ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்றாம் பகுதியில் நிறுத்தி வைத்ததை இப்போது அடித்துவிடுகிறேன். மாஷைப் பாத்துக்கோ என்று அவள் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பாதிக் கஞ்சியோடு கண்ணை மூடிக்கொண்டாள். தட்டு காய்ந்துகொண்டிருந்தது. எடுத்தேன். கழுவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் டாக்டர்கள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். எடுக்கும்போது, கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள்:

“தட்ட எடுக்காதே, கேட்டியா. நான் இன்னும் முடிக்கல.”