கொழுந்தாடை அடைத்த டயர்

மனைவி நிர்மலாவைக் கேரியரில் வைத்து மிதித்து வந்த சைக்கிளின் பின்சக்கரம் கச்சிராயபாளையம் ரோட்டில் பஞ்சரானதும் வீரமணி முதலில் திரும்பிப் பார்த்தான், இளமாறன் வருகிறானா என்று. வந்துகொண்டிருந்தான்.

போன மாதம் நிர்மலா இதே சைக்கிளில் தனியாக வந்தபோதும் டயர் போனது. பக்கத்துத் தெரு இளமாறன்தான் டியூபைக் கழற்றிவிட்டு, டயருக்குள் கரும்பின் காய்ந்த இலையான சோகையைத் திணித்து ஓட்டக் கொடுத்தான். அதிலிருந்து ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சு.

"பஞ்சர் கடையே இல்லாத எடத்துல அந்தத் தம்பிக்கு இன்னா மூளை பாரு!"

குழம்பு ஊற்றும்போதுகூட அதையேதான் சொன்னாள். வீரமணிக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் புருஷன் மூளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இளமாறன் தன் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றி நின்றான். "இன்னாண்ணா, காத்து பூட்டுச்சா? அண்ணி, நீங்க ஏறிக்கோங்க. ஏரிக்கரையில உட்டுட்டு வந்து அண்ணனை இட்டுக்கினு போறேன். போட்டோ புடிச்சிடப் போறாங்க."

ஏரிக்கரையில் நடக்கும் நூறு நாள் வேலையில் போட்டோதான் சாட்சி. அதில் முகம் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

"நீ உன் வேலையைப் பாத்துக்கினு போப்பா. எனக்கும் கை இருக்குது" என்றான் வீரமணி.

நிர்மலாவின் தூக்குச்சட்டியிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, அதன் காம்பால் டயரை நெம்பினான். டியூபை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். ரோட்டோரத்தில் கரும்பு வெட்டி முடித்த வயல். கரும்பின் பச்சை நுனியான கொழுந்தாடை அங்கங்கே கிடந்தது. அதை அள்ளி வந்து திணித்தான்.

"அண்ணா, பச்சை வேணாம். மிதிபட்டா சாறு வுட்டு அமுங்கிடும். காஞ்ச சோகையா..."

"நீ வச்சா ஓடும், நான் வச்சா ஓடாதா?"

சோகை அதே வயலில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு போய்த்தான் வீரமணி கொழுந்தாடை பொறுக்கினான். சோகையைத் தொட்டால் இளமாறனிடம் கற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

டயர் கும்மென்று நின்றது. "பாத்தியா?" என்றான்.

"மொதல்ல ஓட்டுய்யா" என்று நிர்மலா கேரியரில் ஏறினாள்.

அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை. சக்கரம் பச்சைச் சாற்றைக் கக்கியது. டயர் ரிம்மைவிட்டு நழுவிச் செயினில் சிக்கியது. நிர்மலா குதித்துவிட்டாள். இளமாறன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி பின்னாலேயே வந்தான்.

"மாட்டுக்குப் போட்டிருந்தாலும் ஒரு சொம்பு பால் கறந்திருக்கும்" என்றாள் நிர்மலா. பிறகு இளமாறனிடம், "தம்பி, எறங்கு."

"பின்னாடி ஒக்காருங்க அண்ணி, நான்..."

"எறங்குன்றேன்ல. வண்டியைக் குடு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். "ரெண்டு பேரும் தள்ளிக்கினு வாங்க. இவரு கூலிதான் போச்சு, என்னுதும் போவணுமா?"

அவள் அவன் பின்னால் உட்காரவில்லை என்பதில் வீரமணிக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் காது கவனித்தது. அவள் மிதிக்க மிதிக்க அந்தச் சைக்கிளில் கிறீச் என்று ஒரு சத்தம் இல்லை. தன்னுடையதை எடுத்தால் அடுத்த தெரு நாய் எழுந்து குரைக்கும். இவளோ திரும்பிக்கூடப் பார்க்காமல் வழுக்கிக்கொண்டு போகிறாள்.

இளமாறன் பக்கத்து வயலிலிருந்து காய்ந்த சோகையைக் கை நிறைய அள்ளி வந்தான். வீரமணி அவன் முகத்தைப் பார்க்காமல் டயரை விரித்துப் பிடித்துக்கொடுத்தான்.

"செயினுக்கு இன்னா எண்ணெய்டா போடற?"