அளவெடுத்த காலுறை

முதலில் மூக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கால் பிறகு வரும்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. புதுக் கண்ணாடியை வந்தவர் காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடி வழியாக அவர் தெளிவாகப் பார்க்கிற முதல் முகம் அவளுடையதாகத்தான் இருக்கும். அவள் மூக்கின் இரு ஓரங்களிலும், அங்கிருந்து கன்னத்துக்கும், மெல்லிய சிவப்பு நரம்புகள் கிளை பிரிந்து ஓடின. பவுடர் போட்டால் பாதி மறையும். மத்தியானத்துக்குள் வியர்வையில் பவுடர் போய், நரம்பு மட்டும் நிற்கும்.

ஒருநாள் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியோடு சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"அருமையா தெரியுதும்மா. உன் மூக்குல சிவப்பு மை பட்டிருக்கு பாரு, அதுகூடத் தெரியுது. தொடச்சிக்கோ."

அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். துடைத்தால் போகிற மையா அது?

"இன்னும் போகலையேம்மா," என்றார் அவர், நல்ல மனசோடு.

பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு இவள் வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதில் மூக்கைப் பற்றிக் கவலைப்படுவதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று அந்த வீட்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டே இருந்ததுதான் அதற்குக் காரணமும்.

அது அவள் கணவரின் இடது கால். அவர் சொந்தமாக லாண்ட்ரி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே காலையிலிருந்து இருட்டும்வரை தேய்ப்பு மேசை முன்னால் நின்று, இஸ்திரிப் பெட்டியும் அவருமாகத் தேய்ந்தவர். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு போலத் தடித்துச் சுருண்டு கிடந்தன. சாயங்காலம் ஆனால் கால் வீங்கும். கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரித்தது. "ஊருக்கு வழி கேக்கறவங்க என் கால பாத்துக்கலாம், எல்லாத் தெருவும் இருக்கு," என்று அவரே கேலி செய்வார். இரண்டு தெரு தள்ளியிருந்த அவருடைய தங்கை கேலிக்கு மசிய மாட்டாள். "அண்ணே, ஊரான் சட்டைச் சுருக்கமெல்லாம் எடுக்கறே, ஒன் கால் சுருக்கத்த எப்பதான் பாக்கப் போறே?" என்று பிடுங்கி எடுப்பாள்.

ஒருவழியாக அவர் சரி என்றார். அவள்தான் தோல், நரம்பு இரண்டுக்கும் பார்க்கிற ஒரு டாக்டரிடம் பேசி, கணவருக்கு நேரம் வாங்கினாள். போகிற அன்று காலையில் ஒரு விடுதியிலிருந்து படுக்கை விரிப்புகள் மலையாக வந்து இறங்கின.

"நீ மட்டும் போயிட்டு வா. கால படம் எடுத்துக்க. என்ன ஏதுன்னு கேட்டுட்டு வந்துடு," என்றார் அவர்.

அவள் போனாள். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"படத்த பாத்து மருந்து எழுதற விஷயம் இல்லம்மா இது. கணுக்கால்கிட்ட தோல் கறுத்திருக்கு பாருங்க. புண்ணு வந்துட்டா லேசுல ஆறாது. ஸ்கேன் எடுக்கணும். இந்த வாரத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க."

"கூட்டிட்டு வர்றேன் டாக்டர்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உங்களுக்கும் மூக்குல இருக்கே. இதுல ஆபத்து ஒண்ணும் இல்ல, பாக்கறதுக்குத்தான் ஒரு மாதிரி. லேசர்ல எடுத்துடலாம். உங்க வீட்டுக்காரருக்கு ஒதுக்கின நேரம் சும்மாதான் இருக்கு. இஷ்டம்னா இன்னிக்கே பண்ணிக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பெரியவரின் குரல் காதில் கேட்டது. "பண்ணிடுங்க," என்றாள்.

காதோரம் ஒரு புள்ளி வைத்துப் பார்த்து, தோல் ஏற்றுக்கொள்கிறதா என்று காத்திருந்து, பிறகு படுக்க வைத்தார்கள். கண்ணுக்குக் கறுப்பு மூடி. கன்னத்தில் ஜில்லென்று ஒரு பசை. அதன்மேல் சுளீர் சுளீர் என்று, ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல. மயிர் பொசுங்கிய வாசனை வந்தது. பிடிக்காத வாசனையில்லை. கணவர் சட்டையில் என்றைக்கும் இருக்கிற சூட்டு வாசனைக்கு அது பக்கத்துச் சொந்தம். அந்த நினைப்பு வந்ததும் ஒரு நொடி உடம்பு விறைத்தது.

"வலிக்குதா மேடம்?" என்றாள் நர்ஸ்.

"இல்ல."

"கால்லயும் சின்னச் சின்னதா பின்னிக் கெடக்கே. அதையும் பாத்துடலாமா?"

திருடப் போனவள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுக்கிற மாதிரி, அவள் அதற்கும் தலையாட்டினாள். முடிந்ததும் நர்ஸ் நாடா வைத்துக் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து, முழங்கால்வரை வருகிற இறுக்கமான காலுறை ஒரு ஜோடி கொடுத்தாள்.

"ரெண்டு வாரம் பகல்ல போட்டுக்கங்க. இது உங்க காலுக்கு அளவெடுத்தது. வீட்ல வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அளவு மாறினா நல்லது பண்ணாது, ரத்தத்தையே பிடிச்சு நிறுத்திடும்."

பணம் அவள் சம்பாதித்தது. அதை அந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நேரம் அவருடையது. பஸ்ஸில் வரும்போது, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னம்மா இது, முகமெல்லாம் செவந்து வீங்கியிருக்கு?"

"வெயில் ஒத்துக்கல போல."

அவர் ஒரு சுத்தமான கைக்குட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, பிழிந்து, நாலாக மடித்து, மூலைக்கு மூலை சேர்த்து அவள் கன்னத்தில் வைத்தார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

அந்தக் கைக்குட்டைதான் அவளைக் கெடுத்தது. "டாக்டர் இல்லங்க. வெளியூர் போயிருக்காராம். வர ரெண்டு வாரம் ஆகுமாம்."

"அப்பாடா," என்றார் அவர், பள்ளிக்கூடம் லீவு விட்ட பையன் போல.

இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சிவப்பு வடிந்ததும் புதிதாக நேரம் வாங்கினதாகச் சொல்லி அவரை அழைத்துப் போய்விடலாம். காலுறையை உடைக்குள் மறைத்துப் போட்டுக்கொண்டாள். தானே அலசி, குளியலறைக் கதவுக்குப் பின்னால் காயவைத்தாள். சாப்பிடும்போது அவர் மேசைக்கடியில் கணுக்காலைச் சொறிகிற சத்தம் வரும். அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ வேண்டாத பாத்திரத்தைக் கழுவுவாள்.

ஒருநாள் அவசரத்தில் காலுறையை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். வீட்டுத் துணியெல்லாம் லாண்ட்ரிக்குத்தான் போகும்.

சாயங்காலம் அவர் வாசலிலேயே நின்று, கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். காலில் அவளுடைய காலுறை. பின்னாலேயே அவர் தங்கை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!" என்றார் அவர். "டாக்டர் இல்லேன்னதும் மருந்துக் கடையில கேட்டு வாங்கிட்டு வந்துட்டியா? பாத்தா கொழந்தைக்குத் தச்ச மாதிரி இருந்துது. இழுத்தா வந்துகிட்டே இருக்கு. கடைக்கு வந்த ஒருத்தர் பாத்துட்டு, காலுக்குத்தான் இது, போடுங்கன்னாரு."

"அண்ணி, எங்கண்ணன் கடைக்கு வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் கால தூக்கிக் காட்டிட்டு நிக்குது, மானமே போச்சு," என்றாள் நாத்தனார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா, குடுத்து வெச்சது அது. எங்க வீட்ல இருக்கறவருக்கு எனக்குக் காலு இருக்கறதே ஞாபகம் இல்ல."

சொல்வதானால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "இறுக்கமா இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு. இருந்தாத்தானே வேலை செய்யும்?"

மறுநாள் அவர் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அவள் காலுறை இல்லாமல் போனாள். லேசர் பட்ட இடங்கள் கன்றிப் போய் விண்ணென்று வலித்தன. நன்றாக வலிக்கட்டும் என்று விட்டாள். மாலையில், "கழட்டிக் குடுங்க, அலசித் தர்றேன்," என்று கேட்டுப் பார்த்தாள். வாங்கிக் கண்காணாமல் போட்டுவிடுவதாகத் திட்டம்.

"லாண்ட்ரிக்காரனுக்கே நீ தொவச்சுத் தர்றியா? நானே தொவச்சுக்கறேன்," என்று சிரித்தார்.

அதற்கடுத்த நாள் அவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்து, நாற்காலியில் சாய்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ விரலெல்லாம் மரத்துப் போச்சு. பழகப் பழகச் சரியாயிடும்."

அவள் விரல்களைத் தொட்டாள். சில்லென்று இருந்தன. நர்ஸ் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் காதில் வந்து நின்றது. தரையில் உட்கார்ந்து, காலுறையை மேலிருந்து மெல்ல உருட்டி இறக்கினாள். முழங்காலுக்குக் கீழே வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கணுக்காலில், கறுத்த தோல்மேல் காலுறை மடிந்து அறுத்த இடத்தில், தோல் உரிந்து ஈரமாக இருந்தது.

"இது உங்களுக்கு வாங்கினது இல்லங்க," என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"எனக்கு அளவெடுத்தது. அன்னிக்கு டாக்டர் இருந்தாரு. நான் லேசர் பண்ணிக்கிட்டேன். மூக்குல, கால்ல."

அவர் தன் காலைப் பார்த்தார். "என் நேரத்துலயா?"

"உங்க நேரத்துலதான்."

"என் கால பத்தி ஒண்ணும் சொல்லலையா அவரு?"

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். இந்த வாரத்துக்குள் என்று சொன்னதை, புண் வந்தால் ஆறாது என்றதை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் வரும் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"மூக்க பத்தி நீ ஒருநாளும் சொன்னதில்லையே," என்றார்.

நீங்களும் பார்த்ததில்லையே என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஈரமாக இருந்த கணுக்காலைப் பார்த்து அதை விழுங்கினாள். அவர் தரையில் கிடந்த காலுறைகளை எடுத்தார். உதறி, ஜோடி சேர்த்து, கடையில் மடிப்பது போலவே மடித்து அவள் மடியில் வைத்தார்.

"போட்டுக்க. மூணு நாளா நீ போடாம இருந்திருக்கே."

மறுநாள் காலையில் இருவரும் டாக்டரிடம் போனார்கள். பாதத்தில் நாடித் துடிப்பை டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், புண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"அன்னிக்கே கூட்டிட்டு வரச் சொன்னேனே? இந்தப் புண்ணு இல்லாமலே ஆரம்பிச்சிருக்கலாம். இப்ப மொதல்ல இது ஆறணும், மத்ததெல்லாம் அப்புறம்தான். மாசக் கணக்காகும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "இவ சொன்னா டாக்டர். நாந்தான் கடை வேலையில வரலை."

அவள் பக்கம் அவர் திரும்பவில்லை.

கட்டுப் போட வந்த நர்ஸ் அவளைப் பார்த்ததும் மலர்ந்தாள். "மேடம்! மூக்கு எவ்ளோ சுத்தமா வந்திருக்கு பாருங்க!" கைக்கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். உண்மைதான். ஒரு கோடு இல்லை. கண்ணாடியில் அந்த மூக்குக்குப் பின்னால், மேசைமேல் நீட்டிய கணவரின் கால் தெரிந்தது.

திரும்பும் வழியில்தான் அவர் பேசினார். "கடையில எல்லார்கிட்டயும் நீ வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும். மாத்திச் சொன்னா என்னத்தான் சிரிப்பாங்க."

"தங்கச்சிகிட்டயாவது நான் சொல்லிடறேனே."

"வேணாம்."

இப்போதெல்லாம் அவள் கண்ணாடிக் கடையிலிருந்து நேரே லாண்ட்ரிக்குப் போகிறாள். அவர் கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்து துணிக்குத் தண்ணீர் தெளிக்கிறார், மடிக்கிறார். தேய்ப்பு மேசை முன்னால் அவள் நிற்கிறாள். துணி எடுக்க வருகிறவர்கள் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் இஸ்திரிப் பெட்டியை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறாள்.

நேற்று நாத்தனார் வந்து மேசையில் முழங்கையை ஊன்றி நின்றாள்.

"அண்ணி, பகல்லயும் வேலை, இங்கயும் வேலை. ஆனாலும் முகம் பளிச்சுன்னு ஆயிட்டு வருது பாருங்க. மனசு நல்லா இருந்தா முகத்துல தெரியும்னு சும்மாவா சொல்றாங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து, நனைந்துவிட்ட துணிக்கே மறுபடி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு சட்டையை உதறி விரித்து, முதுகுப் பக்கத்தில் பெட்டியை வைத்தாள்.

"காலர்தான் மொதல்ல," என்றார் அவர், நிமிராமல்.

அவள் பெட்டியை எடுத்துவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.