சின்ன டிஸ்க்

அத்தானுக்கு வலது கை மணிக்கட்டோடு போனதிலிருந்து வீட்டில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. சாப்பிடுகிறீர்களா, படுக்கிறீர்களா, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அக்காவும் நானும் சமையலறையில் குசுகுசுவென்று பேசி முடிவு செய்வோம். அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தோம்.

வியாழக்கிழமை நஷ்டஈட்டு விசாரணை. தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை அவரே கழற்றிவிட்டு வேலை செய்தார் என்று தொழிற்சாலை எழுதிக் கொடுத்திருந்தது. தடுப்பு உடைந்து தொங்கியதை விபத்துக்கு மூன்று மாதம் முன்பே அத்தான் போட்டோ எடுத்திருந்தார். எடுத்த போன் அவர் கையோடு சேர்ந்து நசுங்கிப் போனது. படங்கள் மிச்சமிருந்தது ஒரே இடத்தில், கூடத்து மேஜையில் இருந்த பழைய ஆப்பிள் கம்ப்யூட்டரில். அதுவும் போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து, ஆன் செய்தால் திரையில் ஓடும் கோடு பாதி வரை வந்து நின்றுவிடும்.

"பள்ளிக்கூடத்துல நாப்பது கம்ப்யூட்டரக் கட்டி மேய்க்கிற. இந்த ஒண்ணப் பாக்க மாட்டியா?" என்றாள் அக்கா.

நான் பெரிய இவன். லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளத்தை ஏற்றிய பென் டிரைவோடு செவ்வாய் மதியம் போய் உட்கார்ந்தேன். அத்தான் படுத்திருந்தார். தொந்தரவு வேண்டாமென்று அக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "படத்துக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்று கேட்டாள்.

"அது இருக்கிற டிஸ்க்கத் தொடவே மாட்டேன்க்கா."

அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை உயிர் பெறும்போதும் வீடே கேட்கும்படி ஒரு மணி அடிக்கும். முதல் மணிக்குப் பிறகு திரை கறுத்துச் செத்துக் கிடந்தது. கிராபிக்ஸ் சிப்பின் கோளாறு இது, தெரிந்ததுதான். அடுத்த தடவை, லினக்ஸ் தொடங்கும் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தேன், திரை வந்தது. வை-ஃபை வரவில்லை. அதற்கு டிரைவர் என்கிற குட்டி மென்பொருள் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும். என்ன கழுத்தறுப்பு பாருங்கள். போனைக் கேபிளில் மாட்டி இறக்கினேன். போட்டு முடிக்குமுன் திரை உறைந்தது. திரும்ப ஆன் செய்தால், பென் டிரைவில் ஓடுகிற லினக்ஸ் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து வந்து நிற்கும். இப்படி மூன்று தடவை. எனக்குப் பொறுமை போயிற்று.

உள்ளே இரண்டு டிஸ்க் தெரிந்தன. ஒன்று பெரியது, இன்னொன்று அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டிலும் என்ன இருக்கிறதென்று லினக்ஸால் படிக்க முடியவில்லை. படங்கள் பெரியதில்தான் இருக்கும், சின்னது காலி என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சின்னதில் லினக்ஸை ஒழுங்காக நிறுவிவிட்டால் பெரியதை நிதானமாகத் திறக்கலாம். சின்னதைத் தேர்ந்தெடுத்து, 'முழுவதும் அழித்துவிட்டு நிறுவு' என்பதை அழுத்தினேன்.

இருபது நிமிஷத்தில் முடிந்தது. மணி அடித்தது. வை-ஃபை, சத்தம், எல்லாம் வந்தது. கம்ப்யூட்டரின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன்.

பெரிய டிஸ்க் திறக்கவில்லை. அதற்கென்று இருக்கிற மென்பொருளை இறக்கி ஓட்டினேன். அது ஒரே வரி சொன்னது: இது ஒரு டிஸ்க்கின் பாதி, மறுபாதியைக் காணவில்லை. நாலு தடவை படித்தேன்.

அறைக் கதவு திறந்தது. அத்தான் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

"சின்னதுல போட்டுட்டியா, மாப்ள?"

"காலின்னு நெனச்சேன் அத்தான்."

"வேகமா ஓடட்டும்னு அத நாந்தான் உள்ள மாட்டி, ரெண்டையும் ஒரே டிஸ்க்கா சேத்து வச்சேன். எது எங்க இருக்குங்கிறதெல்லாம் சின்னதுக்குத்தான் தெரியும். அது போனா ரெண்டும் போச்சு." குரல் உயரவே இல்லை. "என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"தூங்குறீங்கன்னு..."

"எங்க தூங்குனேன். மணி ஆறு தடவ அடிச்சுது. ஒவ்வொரு தடவையும் நீ இப்பக் கூப்பிடுவன்னு பாத்தேன்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அந்தக் கதவுக்கும் என் நாற்காலிக்கும் எட்டு அடிகூட இருக்காது.

வாசலில் சாவி திரும்பியது. அக்கா பையைக்கூட இறக்காமல், ஒளிர்கிற திரையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"படம் வந்துருச்சாடா?"

அத்தானைத் தாண்டி என்னைத்தான் கேட்டாள்.

"படம் போச்சு," என்றார் அத்தான். "சின்ன டிஸ்க்குல போடுன்னு நாந்தான் சொன்னேன். ஞாபகப் பிசகு."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் அவரைப் பார்த்து, "உங்கள யாருங்க இதுல தலையிடச் சொன்னது?" என்றாள்.

அவர் செய்யாத தப்பை அவர் தலையில் கட்டியதற்குத் தொழிற்சாலைக்காரர்களை ஐந்து மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. அத்தான் அறைக்குள் போய், இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டார்.