மேஜர் லுவானின் மாவுச்சாக்கு டிராயர்

என் தந்தை மேஜர் லுவானின் டிராயரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாவ்யுவானில், உள்நாட்டுப் போருக்குப் பின் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்த விமானப்படைக் குடும்பங்களுக்காகக் கட்டிய எங்கள் குடியிருப்பில், இடித்தது போக மிஞ்சிய பதினொரு வீடுகள்தாம் இப்போது அருங்காட்சியகம். டிராயர், அமெரிக்கா கொடுத்த கோதுமை மாவுச்சாக்கில் என் தாய் தைத்தது. பின்புறத்தில், சாக்கில் அச்சடித்தபடியே, குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். அதன் கீழே ‘நிகர எடை 22 கிலோ’. அந்தக் காலத்தில் எல்லா அதிகாரிகளும் அதைத்தான் போட்டார்கள். பெயர் எழுதி வைத்திருப்பது என் தந்தைக்கு மட்டும். எடுத்துக் கொடுத்தவள் என் தங்கை. அவளோடு நான் பேசுவதில்லை.

“அதை எடுத்துடும்மா,” என்றேன் யூஜென்னிடம். அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களிடம் கருத்துப் படிவம் வாங்கி ஆராய்கிற பெண் அவள்; உறவில்லை, மரியாதைக்கு என்னைப் பெரியப்பா என்பாள்.

“என் கையில இல்ல பெரியப்பா. எது வேணாம்னு உள்ளூர் ஜனங்க நிறைய பேர் எழுதுறாங்களோ, அது கிடங்குக்குப் போயிடும்.”

அவ்வளவுதானே! பழைய அண்டைவீட்டார் முப்பத்தெட்டுப் பேரைத் திரட்டினேன். எண்பத்தைந்து வயது கூ அக்காதான் முரண்டு பிடித்தாள்.

“இதுல என்ன கேவலம், லுவான் தம்பி? என் வீட்டுக்காரருக்கு எடை முன்பக்கம் இருந்துச்சு. அத்தனையும் பொய்!”

இருந்தாலும் எழுதினாள். எல்லாரும் எழுதினார்கள்.

மறுவாரம் யூஜென் எங்களைத் திரும்ப வரச் சொன்னாள். “பெரியப்பா, உங்க ஆளுங்க ஒருத்தரோடதும் செல்லல. ‘எங்கிருந்து வருகிறீர்கள்?’னு கேட்டா ஷான்டொங், ஹூனான், சிச்சுவான்னு எழுதி வச்சிருக்கீங்க. எல்லாரும் அக்கரைச் சுற்றுலாப் பயணிங்க கணக்குல போயிட்டீங்க. இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். கூ பாட்டி ‘எப்படி வந்தீர்கள்?’ங்கிறதுக்கு ‘நடந்து’ன்னு போட்டிருக்காங்க. ஹூனான்லேர்ந்து!”

எங்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் எந்தப் படிவமானாலும் தந்தையின் ஊரைத்தான் எழுதுவோம். பள்ளியில் அப்படி, படையில் அப்படி.

“அடிச்சுட்டு ‘தாவ்யுவான்’னு எழுதுங்க, போதும்,” என்று படிவங்களைப் பரப்பினாள்.

“நீ முதல்ல அடி தம்பி. அப்புறம் நாங்க,” என்றாள் கூ அக்கா.

என் படிவத்தில் ‘ஷான்டொங், லையாங்’ என்று இருந்தது. நான் ஒருநாளும் மிதிக்காத மண். திரும்பிப் போவோம் என்று முப்பது வருடம் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார் என் தந்தை. அவர் மானத்தைக் காப்பாற்ற அவர் ஊரை அடிப்பதா? பேனாவை மூடினேன்.

“லையாங் லையாங்தான். டிராயர் இருந்துட்டுப் போகட்டும்.”

“அப்பாடா!” என்றாள் கூ அக்கா. “சாப்பாடு எங்கே?”

பெயர் அட்டையில் ஊரையும் சேர்க்கச் சொன்னேன். டிராயருக்கு இஸ்திரி போடவும் சொன்னேன்.

“கூடாது பெரியப்பா, துணி பொடிஞ்சிடும்.”

“அப்ப நேராவாவது மாட்டு. மேஜர் ஒருநாளும் கோணலா நின்னதில்ல.”