போட்டோவுக்குக் காத்திருந்த வத்தல்

பந்தல்குடி பக்கத்து எங்கள் ஊருக்குக் கண்டுணர்வுப் பயணம் என்று பஸ் நிறைய வெளியூர் விவசாயிகள் வந்து இறங்கினார்கள். கூட்டி வந்த அதிகாரி கழுத்தில் மாலை விழுந்ததுமே பேச ஆரம்பித்தார். தலைப்பு, மதிப்புக்கூட்டல்.

எதிரே களத்தில் தங்கலட்சுமியின் இந்த வருஷத்து மிளகாய் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே வானம் கறுத்ததைப் பார்த்து அவள் தார்ப்பாயை எடுத்தாள்.

"மூடாதீங்கம்மா. பேசி முடிச்சதும் போட்டோ எடுக்கணும், செவப்பா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

"மழை வருது சார். நனைஞ்சா வத்தல் கறுத்துரும், ஒரு யாவாரியும் தொடமாட்டான்."

"இந்தக் காஞ்ச அருப்புக்கோட்டைப் பக்கம் மழையா?" அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

புருஷன் மதன்குமார் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "பெரிய ஆளு பேசுறாக. சும்மா இரு."

அவர் பேச்சில் மதிப்பு கூடிக் கூடி ஏற்றுமதியைத் தொட்டபோது வானம் கொட்டியது. எல்லாரும் பஸ்ஸுக்குள் ஓடினார்கள். அதிகாரி ஜன்னலில் தலையை நீட்டி, "பாத்தீங்களா, நாங்க வந்த ராசி!" என்றார். உள்ளே கைதட்டல் கேட்டது.

மதன்குமார் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினான். மறுமுனையைத் தங்கலட்சுமி தொடவில்லை. நனைந்தபடியே நின்றாள்.

"சும்மா இருங்க. அவுக இன்னும் போட்டோ எடுக்கல."